ஈர இலை

— கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லல சார். ஒன்பதாவது கட்டத்த ஒழுங்கா எழுதுங்க, அடுத்த நிமிஷம் போடறேன்னுதான் சொல்றேன்.

— அதாவது பாருங்கம்மா, அதுல எழுதறதுக்கு என்ன இருக்கு? 'புகையிலை லைசென்ஸைத் திருப்பித் தருவதற்கான காரணம்.' கீழ நாலு பதில அவங்களே அச்சடிச்சுட்டாங்க. வயசாயிடுச்சு, கூலி ஆள் கிடைக்கல, வேற பயிருக்கு மாறுறோம், இதர. ஒரு டிக் அடிச்சா வேலை முடிஞ்சது. அண்ணே, நீங்களாவது வீட்டம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்க.

— வேற பயிருன்னே அடிங்க சார். நான் சொல்றேன்ல.

— லைசென்ஸ் உங்க பேர்லயாங்க இருக்கு?

— அட, உங்கப்பாகிட்டேருந்து உன் பேருக்கு வந்ததுதான், யாரு இல்லன்னா? நான் என்ன சொல்றேன்னா, சாரு புகையிலை போர்டு ஆபீஸ்லேருந்து இந்த வெயில்ல வண்டி ஓட்டிட்டு வந்திருக்காரு. லைசென்ஸ விட்டா பணம் தர்ற திட்டம் இன்னையோட முடியுது. நாளைக்கு நாமளே இலை உலத்தற அடுப்ப இடிச்சாலும் ஒருத்தனும் சல்லிக்காசு தரமாட்டான். அப்புறம் குத்துதே குடையுதேன்னா யாரு வருவா?

— சார், அந்த 'இதர'ன்னு இருக்கே, அதுக்குப் பக்கத்துல எழுத எடம் இருக்கா?

— ஒரு கோடு இருக்கும்மா.

— ஒரு கோடு போதும்.

— போதும்னு சொல்லிட்டு என்ன எழுதச் சொல்லப்போறீங்கன்னுதான் பயமா இருக்கு. இது மேலிடத்துக்குப் போற ஃபாரம். மொதல்ல மத்த கட்டத்தையெல்லாம் முடிச்சிடலாம். இலை உலத்தற கொட்டகை ஒண்ணு. அடுப்பு ஒண்ணு. சூடு போற தகரக் குழாய் பன்னெண்டு. சரிதானே அண்ணே? லைசென்ஸ் வந்து எத்தனை வருஷம் ஆச்சு?

— முப்பத்தஞ்சு சார். இருங்க, அப்பா வாங்கின சர்டிபிகேட் இருக்கு. இந்தாங்க.

— அடேயப்பா! கண்ணாடிச் சட்டமெல்லாம் போட்டு. 'தங்க இலை விவசாயி.' முத்திரை இன்னும் அழியல பாருங்க.

— இது எங்க கெடந்துச்சு? நான் பாத்ததே இல்லையே.

— பரண்ல. போன மாசம் ஒழிச்சேன்ல, அப்ப கெடச்சுது.

— பரண்ல ஏறுனியா? என்கிட்ட சொல்லவேயில்ல?

— பரண ஒழிக்கறதுக்கும் லைசென்ஸ் வாங்கணுமாங்க?

— அதுக்குச் சொல்லல. ஏணி ஆட்டம் குடுக்குது, விழுந்து கிழுந்து வெச்சா... வேற என்ன கெடந்துச்சு?

— பழசுதான். வேற என்ன கெடக்கும்? சார், அப்பா இத வாங்கின அன்னைக்கு எனக்கு நாலு வயசு. அவரு தோள் மேல உக்காந்திருந்தேன். உங்க இலைதான் கடல் தாண்டிப் போயி நாட்டுக்குப் பணமா திரும்பி வருதுன்னு மந்திரி மைக்குல சொன்னாரு. அப்பா வீடு வர்ற வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தாரு. ஏன்னா அவரோட அப்பா, இதே இலைல நாலு செடியக் கொல்லைப்பக்கம் வச்சதுக்கு ஜெயிலுக்குப் போனவரு.

— அது அந்தக் காலத்து வரிச் சட்டம்மா. அரசாங்கத்துக்குத் தெரியாம ஒரு செடி முளைக்கக் கூடாது. அதிகாரி வந்து வேரோட புடுங்கி, அங்கயே எரிச்சுட்டுப் போவாரு. அப்புறம் ஏற்றுமதி வந்துச்சு, போர்டு வந்துச்சு, அதே அதிகாரி வீடு வீடா வந்து விதை குடுத்தாரு.

— கொட்டகை கட்டக் கடனும் குடுத்தாரு. ஒரு கிலோ கூட வெளைஞ்சா அபராதம்னு கோட்டாவும் குடுத்தாரு. இப்ப நீங்க வந்து இடிங்கறீங்க. நான் என்ன சொல்றேன்னா சார், தாத்தா வளத்தா திருடன், மாமனாரு வளத்தா தியாகி, நான் வளத்தா கொலைகாரன். செடி என்னமோ ஒரே செடிதான்.

— நல்லாத்தான் பேசறீங்க அண்ணே. எனக்கே சிரிப்பா வரும். எங்க ஆபீஸ் மாடியில 'கூடுதல் விளைச்சல் பெறுவது எப்படி'ன்னு ஒரு போஸ்டர். கீழ வாசல்ல 'புகை உயிருக்குப் பகை'ன்னு ஒரு போஸ்டர். ரெண்டையும் ஒட்டினது ஒரே பியூன்தான். கடையில விக்கற சிகரெட்டு வெலையில பாதிக்கு மேல வரியாப் போயிடுது. மிச்சத்துல கம்பெனி, கடைக்காரன், லாரிக்காரன் எல்லாம் எடுத்தது போக உங்க இலைக்குன்னு வர்றது, தட்டிவிடற சாம்பல் அளவு கூட இல்ல. அந்த வரிப் பணத்துலதான் உங்கள இதவிட்டு வெளிய வாங்கன்னு கூப்பிடவும் செய்றாங்க.

— அதத்தான் நானும் சொல்றேன். புள்ளையையும் கிள்ளிவிட்டு, தொட்டிலையும்...

— என்னண்ணே, பாதியில நிறுத்திட்டீங்க?

— ஒண்ணுமில்ல சார்.

— ஏங்க, பழமொழிதானே. முழுசாச் சொல்லுங்க.

— வாய் தவறி வந்துடுச்சு. விடு.

— நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?

— இல்ல சார், நீங்க ஒண்ணும் பேசல. தண்ணி கொண்டாரட்டுமா?

— தண்ணி இருக்கட்டும்மா. ஒரு நிமிஷம் வெளிய போயி ஒரு சிகரெட் பத்தவச்சுட்டு வந்துடறேன். தப்பா நினைச்சுக்காதீங்க. எத்தனையோ தடவ விட்டுப் பாத்துட்டேன், அது என்ன விடமாட்டேங்குது.

— இங்கயே பிடிங்க சார். இந்த வீட்டுல அந்த வாசனை ஏறாத பொருள் எது? அந்தப் பெட்டிய மட்டும் குடுங்க, பாத்துட்டுத் தர்றேன்.

— அய்யோ, அதப் பாக்காதீங்கம்மா, படம் கண்றாவியா இருக்கும். நானே கடையில, 'தொண்டைப் படம் வேணாம்ப்பா, நுரையீரல் படம் போட்டது குடு'ன்னு கேட்டுத்தான் வாங்கறது. நுரையீரல் பாத்துப் பாத்துப் பழகிடுச்சு.

— பெட்டியில முக்கால்வாசி எச்சரிக்கைதான் இருக்கு.

— சட்டம்மா. இவ்வளவு பெருசா போடணும், இந்த எழுத்துல போடணும், மறைச்சு ஸ்டிக்கர் ஒட்டினா கேஸு. ரூல் அப்படி.

— எங்க மூட்டை மேல என்ன சார் போடறீங்க?

— மூட்டை மேலயா? எடை, கிரேடு, லைசென்ஸ் நம்பர்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதாம்மா. மூட்டைய யாரு வாயில வெச்சுப் பத்தவெக்கப் போறா?

— நானும் வாயில வெச்சதில்ல சார். எங்கம்மாவும் வெச்சதில்ல. விடியறதுக்கு முன்னாடி தோட்டத்துக்குள்ள எறங்குவோம். பனி சொட்டச் சொட்ட இலைய ஒடிச்சு, கக்கத்துல இடுக்கிக்கிட்டு வரப்புக்கு வர்றதுக்குள்ள இடுப்பு வரைக்கும் நனைஞ்சிடும். அந்தத் தண்ணி பிசுபிசுன்னு கறுப்பா ஒட்டும். செத்த நேரத்துல தலை சுத்தும், குமட்டும், வாந்தி வரும். அதுக்குப் பேரு இலை மயக்கம். எனக்கு எட்டு வயசுலயே வந்துடுச்சு. வரப்புல குந்தி எடுத்துட்டு, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுத் திரும்ப எறங்கணும். பக்கத்து வரிசைக்காரி சிரிப்பா. 'என்னடி, இலை ஏறிடுச்சா?'ம்பா.

— கேள்விப்பட்டிருக்கேம்மா. ஈர இலையில இருக்கற நிகோட்டின் தோல் வழியாவே உள்ள எறங்கிடும்பாங்க.

— உங்களுக்கு அதோட பேரு தெரியுது. எங்களுக்கு அது மழை வெயில் மாதிரி. ஒடிப்பு வந்தா மயக்கம் வரும், அவ்வளவுதான்.

— இப்ப எதுக்கு அந்தக் கதையெல்லாம்? சாருக்கு நேரமாகுது.

— சாருதானே காரணம் கேட்டாரு? அதத்தான் சொல்றேன். சார், எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கொழந்தை இல்ல. மாசா மாசம் நாள் எண்ணுவேன். ரெண்டு நாள் தள்ளிப்போனா மனசுக்குள்ள பேரு வெச்சுடுவேன். அப்படி எண்ணி எண்ணி அலுத்துப்போயி, எட்டாவது வருஷம் எண்றத விட்டேன். விட்ட வருஷம் பாத்து அது வந்துச்சு. அதுவும் ஒடிப்புல வந்துச்சு. காலைல குமட்டுச்சு, இலைன்னு நினைச்சேன். தலை சுத்துச்சு, இலைன்னு நினைச்சேன். சாப்பாடு பிடிக்கல, அதுவும் இலைன்னு நினைச்சேன். வேலை மும்முரத்துல எனக்கு எப்பவுமே தேதி தவறும், அதனால அதையும் கண்டுக்கல. மூணு மாசம் சார். அது உள்ளேருந்து நான் இருக்கேன், நான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நான் இலைன்னுட்டேன்.

— அடடா... அம்மா...

— கொட்டகைக்குள்ள உக்காந்து குச்சியில இலை கட்டிக்கிட்டு இருந்தப்பதான் ரத்தம் வந்துச்சு. இவருதான் தூக்கிட்டு ஓடினாரு. ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு குழாய் இருந்துச்சு. அங்க உக்காரவெச்சு என் கையக் கழுவினாரு, சோப்புப் போட்டுத் தேச்சுத் தேச்சு. ரத்தம் காலுல ஓடுது, இவரு கையக் கழுவறாரு. ஏன்னு எனக்கு அன்னைக்குப் புரியல.

— பதட்டத்துல என்ன பண்றோம்னு யாருக்குத் தெரியும்? கைகால் ஓடல எனக்கு.

— நான் ஒண்ணும் சொல்லலையே. டாக்டரம்மா, 'இலையாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது'ன்னாங்க. நர்சு கேட்டா, 'உண்டாயிருக்கறதுக்கும் மயக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதா ஒரு பொம்பளைக்கு?' அதையே மாமியாரு கேட்டாங்க. நாத்தனாரு கேட்டா. ஏலத்துக்குப் போனா மூட்டை தூக்கறவன் பொண்டாட்டி கூடக் கேட்டா. மூணு வருஷமா நானும் என்னை அதத்தான் சார் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

— நான் ஒரு நாளும் உன்ன அப்படிக் கேட்டதில்லடி.

— இல்லங்க. நீங்க மட்டும் கேட்டதே இல்ல. அத நான் மறக்கல.

— எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா, மன்னிச்சுக்கங்க. சரி, சொல்லுங்க. அந்தக் கோட்டுல என்ன எழுதணும்?

— இலையில விஷம் இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா எம்புள்ளைக்கு இப்ப ரெண்டரை வயசு. இத எழுதுங்க. என் மேல தப்பு இல்லன்னு ஒரு காயிதத்துலயாவது இருக்கட்டும் சார். அரசாங்கக் காயிதத்துல, முத்திரையோட. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

— அதாவது பாருங்க... 'யாரும் சொல்லல'ன்னு எழுதறதுலதான் ஒரு சிக்கல் இருக்கு.

— என்ன சிக்கல்?

— போர்டு சொல்லியிருக்கும்மா. இதே பைல்ல இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒடிப்பு ஆரம்பிக்கறதுக்கு முந்தின மாசம், லைசென்ஸ் இருக்கற ஒவ்வொரு வீட்டுக்கும் ரப்பர் கையுறை நாலு ஜோடி, நோட்டீஸ் ஒண்ணு குடுத்திருக்காங்க. நோட்டீஸ் நகல் இதோ. 'ஈர இலையை வெறுங்கையால் தொடாதீர். கர்ப்பிணிகளும், குழந்தையை எதிர்பார்த்திருக்கும் பெண்களும் இலை ஒடிக்கக் கூடாது. வாந்தி, மயக்கம் தொடர்ந்தால் இலை மயக்கம் என்று அலட்சியமாக இருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்கவும்.'

— கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க சார்.

— 'வாந்தி, மயக்கம் தொடர்ந்தால்...'

— போதும் சார், போதும்! அவள ஏன் இன்னும் அழவெக்கறீங்க?

— நான் அழலங்க. நீங்க படிங்க சார்.

— '...இலை மயக்கம் என்று அலட்சியமாக இருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்கவும்.' வாங்கினவங்க பட்டியலும் இருக்கும்மா. உங்க வீட்டு நம்பருக்கு நேரா கையெழுத்து இருக்கு. அண்ணே, இது உங்களோடதுதானே?

— எங்க, காட்டுங்க.

— இதோ, பதினேழாவது.

— ஏங்க, சாரு கேக்கறாரு.

— கையெழுத்து என்னோடதுதான். ஆனா பொருள் வரல சார்.

— வரலையா?

— வரல. அப்ப உங்க சீட்ல ஒருத்தரு இருந்தாரே, எப்பப் பாரு வெத்தல போட்டுக்கிட்டு, அவரு ஏல மண்டபத்துல எங்களையெல்லாம் வரிசையா நிக்கவெச்சு கையெழுத்து வாங்கினாரு. லாரி அடுத்த வாரம் வரும்னாரு. லாரியும் வரல, ஒரு மண்ணும் வரல. அப்படியே வந்திருந்தாலும் அத மாட்டிக்கிட்டு எவன் சார் ஒடிப்பான்? ரப்பர் பட்டா இலை கிழியும், காம்பு நசுங்கும், ஏலத்துல ஒரு கிரேடு எறங்கிடும். ஒரு கிரேடுன்னா ஒரு வருஷத்து ஒழைப்பு.

— வந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டோம்னு சொல்றீங்களா?

— நான் எப்ப அப்படிச் சொன்னேன்? வரலங்கறேன். அவ்வளவுதான்.

— ஏங்க, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எழுத்துல போகப்போவுது. மூணு வருஷமாச்சு, மறந்துகூட இருக்கலாம். எதுவா இருந்தாலும் பரவால்ல, இப்ப சொல்லிடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

— இதுல யோசிக்க என்ன கெடக்கு? உன் மேல சத்தியமா வரல.

— சத்தியம் வேணாங்க. சார், அவரு சொன்னத எழுதிக்கங்க.

— எழுதறேம்மா. எனக்கு ஆச்சரியமே இல்ல. தார்ப்பாய் குடுக்கறோம்னு அந்தாளு கையெழுத்து வாங்கின கதை இன்னும் ஆபீஸ்ல ஓடிக்கிட்டு இருக்கு. தார்ப்பாயவே முழுங்கினவனுக்குக் கையுறை எம்மாத்திரம்? ரூலெல்லாம் கெடக்கட்டும். இப்படி எழுதறேன், கேளுங்க. 'பாதுகாப்புக் கையுறையும் எச்சரிக்கை நோட்டீசும் வீட்டுக்கு வந்து சேராததால், ஆபத்து தெரியாமல் ஈர இலையில் வேலை செய்து, வயிற்றில் இருந்த குழந்தையை இழந்தார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.' சரியாம்மா?

— 'அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.' அந்த வரி நல்லா இருக்கு சார்.

— மேலிடத்துல என்னத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. கேக்கட்டும். இருபது வருஷமா டிக் அடிச்சு அடிச்சு எனக்கும் சலிச்சுப்போச்சு. ஒண்ணு கேக்கணும்மா. அதுக்கப்புறம் நீங்க இலையில கை வெக்கலதானே?

— வெக்காம எப்படி சார்? கோட்டா இருக்கு, ஆள் இல்ல. ரெண்டு ஒடிப்பு ஒடிச்சேன், இதே வெறுங்கையோட. இவரு பக்கத்து வரிசையிலதான் இருப்பாரு. அப்பப்ப என் கையப் பாப்பாரு, அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு.

— சரிம்மா, சரி. இதுக்கு மேல கேக்க எனக்குத் தெம்பில்ல. இங்க ஒரு கையெழுத்து. இங்க ஒண்ணு. தேதி போடுங்க. அண்ணே, மேல எழுதினது அத்தனையும் உண்மைன்னு நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடணும். இதோ, இங்க.

— இங்கயா சார்?

— அங்கதான். என்ன, பேனா எழுதலையா?

— எழுதுது, எழுதுது.

— ஆச்சு. முத்திரையும் குத்திட்டேன், இந்த நகல் உங்களுக்கு. பதினஞ்சு நாளைக்குள்ள அடுப்ப இடிச்சு, செங்கல்ல தனியா அடுக்கி வெச்சுடுங்க. வந்து போட்டோ எடுப்பேன். ஒரு குழாய் நின்னாக்கூட பாஸ் ஆகாது. வர்றேம்மா. மனச விட்டுடாதீங்க.

— பாத்துப் போங்க சார். சிகரெட்டுப் பெட்டிய விட்டுட்டுப் போறீங்க.

— அது இங்கயே கெடக்கட்டும்மா. இன்னைக்கு எனக்கு வேணாம்.

— போயிட்டாரா?

— வண்டி திருப்பத்துல மறைஞ்சுடுச்சுங்க.

— நல்ல மனுசன். ரூலு ரூலுன்னு உயிர வாங்குவாருன்னு நினைச்சேன். பாத்தியா, முத்திரையோட எழுதிட்டாரு. இனிமே எங்கம்மாவோ தங்கச்சியோ உன்ன ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்தக் காயிதத்த மூஞ்சிக்கு நேரா காட்டறேன்.

— காட்டுங்க.

— எவனோ ஒரு திருட்டுப்பய பண்ணின காரியத்துக்கு நீ மூணு வருஷம் வெந்தது போதும். நாசமாப் போவான். இனிமே நீ அழக் கூடாது, ஆமா.

— அழுகை வரலங்க. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் வரல.

— எனக்கு அது போதும். நான் என்ன சொல்றேன்னா, நாளக் கடத்துவானேன்? இப்பவே அடுப்புல கை வெச்சுடலாம். அந்தச் சனியன் கண்ணு முன்னாடி நிக்க வேணாம். கடப்பாரை எங்க?

— கொட்டகை வாசல்ல சாத்தி வெச்சிருக்கேன்.

— நீ வராத. செங்கல்லெல்லாம் வெந்து கூர்கூரா நிக்குது, தகரம் வேற துரு. கையக் கிழிச்சுடும். நான் ஒருத்தனே பாத்துக்கறேன். பழைய துணி ஏதாவது இருந்தா எடுத்துக் குடு, உள்ளங்கையில சுத்திக்கறேன்.

— துணி எதுக்குங்க? ரப்பர் கையுறை நாலு ஜோடி இருக்கே. பரண்ல, அந்த நோட்டீசுல சுத்தி, நீங்க வெச்ச எடத்துலயே இருக்கு.